இணைப்பு: ஒன்று

கூட்டம் பதினொன்றே காலுக்கு.
பேசின் பிரிட்ஜ் பக்கத்து மாடி அறையில்
ஒரு மின்விசிறி ஓடியது, இரண்டு ஓடவில்லை.
மினிட்ஸ் எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

வரைவு விதி நாற்பத்தோரு பக்கம்.
ஆங்கிலத்தில் ஒன்று, இந்தியில் ஒன்று.
கருத்துச் சொல்ல முப்பது நாள் என்று போட்டிருந்தது.
கேங் ஆட்கள் கைக்குக் காகிதம் போனது
இருபத்தெட்டாம் நாள்.
பத்தி ஒன்பது சொல்கிறது:
தினமும் ஆள் நடந்து பார்ப்பதற்குப் பதிலாக
வாரம் இருமுறை கேமரா வண்டி.

"ஊழியர் தரப்பில் யாராவது?"
கேட்டவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

எழுந்தவள் அஞ்சலாட்சி,
கொருக்குப்பேட்டை கேங்.
காலையிலேயே எட்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு
ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"சார், சுத்தியல்ல தட்னா
நல்ல தண்டவாளம் ணங்குன்னும்.
விரிசல் வுட்டது டொக்குன்னும்.
அந்த வளைவுல மத்தியானம் ரெண்டு மணிக்கு
தண்டவாளம் மூச்சு வுடுது சார்.
நாலு தபா எழுதிக் குட்த்தேன்,
இன்னா ஆச்சுன்னு ஒரு பதில் வர்ல.
போன வருசம் கூட்ஸு தடம் புரண்டுச்சே,
அந்த விசாரணை ரிப்போர்ட்டை
நாங்க இன்னும் கண்ணால பாக்கல.
எங்காளுங்க ரெண்டு பேரை சஸ்பெண்டு பண்ணீங்க,
அது மட்டும் தெரியும்.
எதனால புரண்டுச்சுன்னு சொன்னாதானே
நாளைக்கு நான் வேற மாதிரி நடப்பேன்?"

எத்தனை மில்லிமீட்டர் என்றார் ஒருவர்.
கேமரா எல்லாம் காட்டும் என்றார் இன்னொருவர்.
"கேமராவுக்குக் காது கீதா சார்?"
யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

சாப்பாட்டுப் பையில் கைவிட்டு
தலை உடைந்த போல்ட் ஒன்றை எடுத்தாள்.
வரைவின் மேல் வைத்தாள்.
ஒன்பதாம் பத்தியில் பழுப்பாய் ஒரு வட்டம் ஒட்டிக்கொண்டது.
பிறகு டீ வந்தது, சமோசா வந்தது.
போல்ட் அங்கேயே கிடந்தது.

பத்தொன்பது வருடமாக நான் அடிக்கும் வரி ஒன்று உண்டு.
'ஊழியர்களின் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது.'
விரல்களுக்கு மனப்பாடம்.
பிரேக்கைப் பற்றிச் சொன்ன கார்டை,
பன்னிரண்டு மணி நேரம் தூங்காத லோகோ பைலட்டை,
இன்னும் பெயர் மறந்துபோன எத்தனையோ பேரை
அந்த ஒரே வரியில் உட்கார வைத்திருக்கிறேன்.
குறித்துக்கொண்டவர் யார்?
அந்த வாக்கியத்தில் எழுவாயாக நிற்க
ஒருவரும் இல்லை.

அன்று மாலை ணங்-கிடம் மாட்டிக்கொண்டேன்.
ண-வில் எந்தச் சொல்லும் தொடங்காது என்று
வியாசர்பாடிப் பள்ளியில் படித்தது.
நல்ல தண்டவாளம் அதில்தான் தொடங்குகிறது.
அவள் சொன்னது முழுவதையும்
அவள் சொன்னபடியே அடித்தேன்,
'தபா' உட்பட.

சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டார் அதிகாரி.
ஓரத்தில் அந்தப் பழைய வரியைத் தானே எழுதி
கையெழுத்தும் போட்டார்.
சரி.
ஆனால் இணைப்பு என்ற கட்டத்தை அவர் பார்க்கவில்லை.
அது எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

அடித்தேன்:
இணைப்பு: ஒன்று. போல்ட். தலை உடைந்தது.
மரையில் மூன்று சுற்று சுற்றி
டேக் கயிற்றால் கோப்போடு கட்டினேன்.
இணைப்பை நீக்குபவர்
காரணமும் தேதியும் எழுதி ஒப்பமிட வேண்டும்;
அது பழைய விதி,
திருத்த யாருக்கும் தோன்றவில்லை.

கோப்பு இப்போது மூடுவதில்லை.
இரண்டாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்குப் போயிருக்கிறது.
எந்த மேஜையில் வைத்தாலும்
டொக் என்கிறதாம்.
பியூன் சொல்லிச் சிரித்தார்.

அஞ்சலாட்சியிடம் சொன்னேன், சிரிக்கவில்லை.
"யாராச்சும் கயிறை அவுத்தாங்களா?"
இன்னும் இல்லை என்றேன்.
சுத்தியலைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு
வளைவைப் பார்க்கப் போனாள்,
மணி ஒன்றே முக்கால்.